வெங்காயமா, நானா

பாலக்கரையில் ஜீனத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஜீனத் செய்த சீர் தட்டைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நிக்காஹ், நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பக்கத்து மாதா கோயில் தெருவில் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை என்று எதுவாக இருந்தாலும் சரி, மண்டபம் பார்த்தாச்சா என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி, "தட்டுக்கு ஜீனத்தக்காகிட்ட சொல்லியாச்சா?" என்பதுதான்.

சீர் தட்டு என்றால் அதை லேசாக நினைத்துவிடக் கூடாது. முந்திரியையும் பேரீச்சம்பழத்தையும் பட்டுச்சேலையையும் வாங்கித் தட்டில் கொட்டிக்கொண்டு போனால் அது பலசரக்கு. அதே சாமான்களுக்கு ஓர் உருவம் கொடுத்து, பார்ப்பவர்கள் "ஐயோ, இதை எப்படிப் பிரிச்சுத் தின்னறது!" என்று தவிக்கும்படி செய்தால் அது சீர். மருங்காபுரி பக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கடலைமிட்டாயில் உழுத வயல் செய்து, அதில் துண்டை மடித்து இரண்டு மாடு நிறுத்தியவள் ஜீனத். ஸ்ரீரங்கத்தில் ஓர் ஐயங்கார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிஸ்தாப் பருப்பில் பச்சைக் கிளி செய்து அனுப்பினாள். தாயார் சன்னதிக்குப் போகிற மாமிகள் பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தார்கள். "யார் பண்ணினது?" என்று கேட்டவர்களுக்கு, "பாலக்கரை பாயம்மா" என்று பதில் வந்தபோது ஒரு மாமி, "கைக்கு ஏது மதம், ஞானம் இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு, கிளியின் வால் பக்கத்தில் ஒரு பிஸ்தாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

ஜீனத்துக்கு ஒரு வீம்பு உண்டு. ஒரு கல்யாணத்துக்குப் போன தட்டு இன்னொரு கல்யாணத்துக்குப் போகாது. அவள் செய்ததைப் போனில் படம் பிடித்து ஊரெல்லாம் காப்பியடிக்கிறார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவள் கையால் அது இரண்டாவது முறை வராது, அவ்வளவுதான். "எப்படிக்கா உங்களுக்கு மட்டும் இப்படித் தோணுது?" என்று கேட்டால், "அல்லா குடுக்கறான்" என்று முடித்துவிடுவாள்.

அது உண்மைதான். ஆனால் அல்லா கொடுக்கும் நேரம் ஒன்று இருந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து, மறுநாள் குழம்புக்கும் சட்டினிக்கும் முறத்தில் சின்ன வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு, அடுக்களை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரம் அது. உப்பிலியபுரத்துக்காரர் ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். உரித்துக்கொண்டே இருப்பவள் ஒரு கட்டத்தில் பாதி உரித்த வெங்காயத்தில் கட்டைவிரலை வைத்தபடி அசையாமல் இருந்துவிடுவாள். கண் எதிர்ச்சுவரில் இருக்கும். ஆனால் சுவரைப் பார்க்காது. அந்த நேரத்தில் கூப்பிட்டால் பதில் வராது. மகள் இன்ஷா சின்ன வயதில், வீட்டுக்கு யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க" என்பாள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஊருக்குப் போனவள் முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிரிப்போடு திரும்பி வருவாள். வந்தால், தட்டு தயார்.

இதெல்லாம் கணவன் மீரான் ஊரில் இல்லாத காலத்தில் நடந்தது. அவன் கல்யாணமான மறு வருஷமே அரபு நாட்டில் தமாமுக்குப் போனவன். ஒரு கம்பெனியின் மெஸ்ஸில் சமையல். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பெட்டியும் அத்தரும் பால்பவுடருமாக வந்து, விருந்தாளி போல இருந்து, வீட்டின் ஸ்விட்சுகள் எது எதற்கு என்று பழகுவதற்குள் விமானம் ஏறிவிடுவான். அப்படியே கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. போன வருஷம்தான் ஒரேயடியாக வந்து சேர்ந்தான்.

வந்த அன்றே மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் கறை. கட்டைவிரலில் கத்தி கீறிய கோடுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. மீரான் பெரிதாகப் பேசுகிற ஆள்தான், ஆனால் அன்று சுருக்கமாகத்தான் சொன்னான்.

"இந்தக் கை இனிமே வெங்காயம் தொடக் கூடாது. சொல்லிட்டேன்," என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. முன் அறையைக் காலி செய்து வெள்ளையடித்து, ஏ.சி. மாட்டி, பெரிய மேசை போட்டு, சுற்றுகிற நாற்காலி ஒன்றைத் தில்லைநகரிலிருந்து வாங்கி வந்தான். கதவுக்கு மேல் 'ஜீனத் டிசைன்ஸ்' என்று போர்டு. அடுக்களை முழுதும் அவன் கைக்குப் போனது. ஆயிரம் பேருக்குச் சமைத்தவனுக்கு மூன்று பேருக்குச் சமைப்பது விளையாட்டு. வெங்காயத்தை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு கையாலும் ஒரு கசக்குக் கசக்கினால் தோல் தனியே, வெங்காயம் தனியே. ஜீனத் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உரிப்பதை அவன் டீ கொதிக்கிற நேரத்தில் முடித்துவிட்டு, "எப்படி?" என்று புருவத்தைத் தூக்குவான். பக்கத்து வீட்டு லூர்துராணி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எங்க வீட்டு ஆளையும் அப்பவே தமாமுக்கு அனுப்பியிருக்கணும்," என்று பெருமூச்சு விட்டாள்.

இப்படி ஒரு புருஷன் எந்தப் பெண்ணுக்குக் கிடைப்பான்? ஜீனத்துக்கும் அது தெரியும். அவன் கொண்டுவந்து வைக்கும் டீயைக் குடிக்கும்போது சில சமயம் கண் கலங்கிவிடும். ஏ.சி. காற்றில் சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளை மேசையைப் பார்ப்பாள். இடது பக்கம் சுற்றுவாள். வலது பக்கம் சுற்றுவாள். ஒன்றும் வராது.

முதல் சில ஆர்டர்களைப் பழைய சரக்கை ஒட்டுப்போட்டு ஒப்பேற்றினாள். அதற்கே அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம்தான் ஜஹானாரா வந்தாள்.

ஜஹானாராவுக்குப் பெரிய கடைவீதியில் பொத்தான், லேஸ் கடை. ஒரே மகள் சம்ரீன், ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூலில் டீச்சர். மாப்பிள்ளை லால்குடி. "அக்கா, அவ பொறந்தப்பவே நான் முடிவு பண்ணினது, அவ கல்யாணத்துக்குத் தட்டு நீங்கதான்னு," என்று சொல்லிவிட்டுப் போனவள், பத்து நாள் கழித்து, என்ன யோசித்திருக்கிறீர்கள் என்று கேட்க வந்தாள். ஜீனத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பட்டுச்சேலையை மயில் போல மடிக்கலாம் என்று சொன்னாள்.

"மயிலா?" என்றாள் ஜஹானாரா. சேலையில் மயில் என்பது கடை வாசலில் தொங்கவிட்டு விற்கிற சமாசாரம். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கோபிக்கவில்லை. "இன்னும் நாள் இருக்குக்கா, நிதானமா யோசிங்க," என்று எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, குரலை இறக்கி, "உடம்பு ஏதும் சரியில்லையாக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் ஜீனத்தை அறுத்தது.

ஜீனத்தின் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயரே மறந்துபோனது. அடுப்பில் பால் இருப்பது முதலில் மறந்தது, அப்புறம் அடுப்பே மறந்தது. தனக்கும் அதுதான் ஆரம்பமோ என்று பயந்தாள். மீரானிடம் சொன்னால் அவன் அடுத்த நிமிஷம் ஆட்டோ பிடித்துவிடுவான். பிறகு அவளை நாற்காலியை விட்டே எழ விடமாட்டான். ஆகவே இன்ஷாவிடம் சொன்னாள்.

இன்ஷா சைக்காலஜி எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அவளுடைய பேராசிரியர் ஹரிஹரசுதன், பிஸ்தாக் கிளி போன வீட்டுக்காரர்தான். கல்யாணம் அவர் தங்கைக்கு. புதுப் புது யோசனை எப்படி வருகிறது, அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஓவியர், பாட்டுக்காரர், சமையல்காரர் என்று பல பேரைக் கூப்பிட்டு வயர் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளி செய்த அம்மாவை அழைத்து வரச் சொல்லி இன்ஷாவிடம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, ஒரு நாள் உங்க தலையைக் கடன் குடுங்க," என்று இன்ஷா கெஞ்சியபோதெல்லாம் சிரித்துத் தட்டிக்கழித்தவள், இப்போது தானாகவே, "எப்ப வரணும்?" என்றாள்.

கல்லூரி ஆராய்ச்சி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முக்காட்டை எடுத்துவிட்டு, இன்ஷாதான் அந்தக் குல்லாவை மாட்டினாள். குல்லா முழுக்கப் பொத்தான் பொத்தானாக வயர். ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஊசியில்லாத சிரிஞ்சால் குளுகுளுவென்று பசை.

"தலைக்கு இவ்வளவு சீகைக்காய் போதுமாடி?" என்றாள் ஜீனத், பயத்தை மறைத்துக்கொண்டு.

வெளி அறையிலிருந்து ஒலிபெருக்கியில் ஹரிஹரசுதனின் குரல் வந்தது. "அம்மா, சௌக்கியமா உட்காருங்கோ. ஒரு செங்கல் இருக்கு. அதை வெச்சு என்னென்ன பண்ணலாம்னு தோணறதோ, சொல்லிண்டே வாங்கோ."

ஜீனத் யோசித்தாள். "வீடு கட்டலாம்," என்றாள். ரொம்ப நேரம் கழித்து, "அடுப்பு கட்டலாம்," என்றாள். அதற்கு மேல் செங்கல் செங்கலாகவே இருந்தது. அவமானத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. செங்கலை வைத்து என்ன செய்யலாம் என்று பாலக்கரையில் எந்தப் பிள்ளையும் இதைவிட நன்றாகச் சொல்லும்.

எல்லாம் முடிந்து தலையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் நேராகக் கேட்டுவிட்டாள். "சார், மூடி மறைக்காம சொல்லுங்க. என் மூளை கெட்டுப்போச்சா?"

ஹரிஹரசுதன் பதறிப்போனார். "பெருமாளே! அப்படியெல்லாம் இல்லை. இது வியாதி பாக்கற பரீட்சையே இல்லையே. நீங்க பேசறது, கேக்கறது எல்லாம் பேஷா இருக்கு. அப்படியும் மனசு கேக்கலைன்னா டாக்டரைப் பாருங்கோ, ஆனா எனக்கு அந்தக் கவலை இல்லை." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நான் ஒண்ணு கேக்கறேன். வழக்கமா உங்களுக்கு யோசனை எப்ப வரும்?"

"வெங்காயம் உரிக்கறப்ப," என்றாள் ஜீனத். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. இத்தனை வருஷமும் அவள் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூளையில் சில பகுதிகள் இருக்கின்றன, நாம் ஒன்றிலும் கவனம் வைக்காமல் சும்மா இருக்கும்போது அவைதான் சுறுசுறுப்பாகின்றன, பழைய நினைவு, நாளைக் கவலை, யாரோ சொன்ன பேச்சு என்று கண்டதையும் கண்டதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கின்றன என்றார். அந்த முடிச்சுகளில் எது தேறும், எது தேறாது என்று பார்த்து எடுப்பது வேறு பகுதிகளின் வேலை. புது யோசனை வருகிறவர்களுக்கு இந்த இரண்டு கோஷ்டிக்கும் பேச்சுவார்த்தை நன்றாக நடக்கிறது என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். கைக்குப் பழகிப்போன, தலைக்கு அதிகம் வேலை வைக்காத காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் சிலருக்கு அது சுலபமாகிறது. "மேசைக்கு முன்னாடி உட்கார்ந்து, வா வான்னா வராது. அதுக்குக் கொஞ்சம் கவனிக்காத மாதிரி இருக்கணும். ஆனா எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாம்மா. முழுசும் தெரிஞ்சவா இன்னும் யாரும் இல்லை." பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "இப்ப உரிக்கறதில்லையா?"

"அத்தா உரிக்கறாங்க சார்," என்றாள் இன்ஷா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. ஜீனத்துக்குப் பாதிப் பாரம் இறங்கியிருந்தது. மூளை கெடவில்லை. வெங்காயம்தான் இல்லை. அது ஒரு பிரச்சினையா? பக்கத்தில் இன்ஷா, தன் படிப்பின் உற்சாகத்தில், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டு வந்தாள்.

"ஆனா வெங்காயம்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஒரே மாசத்துல ரெண்டும் மாறிச்சுல்ல? வெங்காயம் போச்சு, அத்தா வந்தாங்க. இதுல எது காரணம்னு எப்படிச் சொல்லுவீங்க? ஆராய்ச்சின்னா முதல்ல இதைத்தான் பிரிச்சுப் பாக்கணும்."

பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஜீனத் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் அந்த எண்ணம் அவளுக்குள் ஏற்கெனவே வந்துபோயிருந்தது. வந்தபோதெல்லாம் 'தவ்பா, தவ்பா' என்று பாவமன்னிப்புக் கேட்டு விரட்டியிருந்தாள். அவன் இல்லாத வீட்டில்தான் அவளுக்கு எல்லாம் வந்தது. அந்தச் சாயங்கால அமைதி, யாரும் கேட்காத அந்த ஒரு மணி நேரம், எல்லாம் அவன் இல்லாததால் கிடைத்தவை. கால் நூற்றாண்டு 'எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க' என்று போனில் கேட்டவள், அவன் வந்துசேர்ந்ததும் வறண்டுபோனாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இதைக் கட்டின புருஷனிடம் எந்த வாயால் சொல்வது?

அதனால் அவனிடம் வெங்காயத்தைக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பான். ஏன் என்று தோண்டினால் அது வேறெங்கோ போய் நிற்கும். தவிர, அடுக்களையில் அவன் பாடிக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்தால் அந்த முறத்தைப் பிடுங்க மனசு வராது. இந்த வீட்டில் தனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அவன் நம்பத் தொடங்கியிருந்தான்.

அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். லூர்துராணி வெங்காய வடகம் போட்டு விற்கிறவள். அவள் வீட்டுப் பின்கட்டில் எப்போதும் வெங்காயம் மலையாகக் கிடக்கும், உரிக்க இரண்டு மூன்று பெண்கள் கூலிக்கு வருவார்கள். ஜீனத் பொத்தான் கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாக அங்கே போய் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுல சமையலுக்கு ஆள் வெச்சுட்டு, இங்க வந்து கூலிக்கு உக்கார்றியா?" என்று லூர்துராணி சிரித்தாள்.

"கூலி வேணாம் ராணிக்கா. வாயை மட்டும் கொஞ்ச நேரம் மூடிக்கிட்டு இருங்க."

இரண்டாவது நாளே கட்டைவிரல் பாதி வெங்காயத்தில் நின்றது. முழுசாக ஒன்றும் வரவில்லை. ஆனால் நூல் நுனி மாதிரி ஏதோ ஒன்று கண்ணில் பட்டு மறைந்தது. தட்டு தட்டாக யோசிக்கக் கூடாது, எல்லாத் தட்டும் சேர்ந்து ஒன்று. அந்த 'ஒன்று' என்ன என்பதுதான் பிடிபடவில்லை. ஜீனத்துக்கு அழுகையே வந்துவிட்டது, பாதி சந்தோஷத்தில், பாதி பயத்தில். வெங்காயத்தின் புண்ணியத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இங்கே வருகிறது, வீட்டில் வருவதில்லை. இங்கே வெங்காயம் இருக்கிறது. இங்கே அவர் இல்லை. இன்ஷா சொன்ன முடிச்சு அவிழவே இல்லை.

மூன்றாவது நாள் கைகழுவிவிட்டு எழுந்தபோது, பின்கட்டு நிலைப்படியில் ஒரு தூக்குவாளி இருந்தது. மூடியைத் திறந்தால் சேமியா பாயசம், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. மீரானின் தூக்கு.

"பாய் வந்தாரா?" என்றாள் லூர்துராணி. "சத்தமே கேக்கலையே!"

எப்போதும் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருகிற ஆள், லூர்துராணிக்குக் கொண்டுவந்த பாயசத்தை, உள்ளே ஜீனத்தைக் கண்டதும் படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறான். ஜீனத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மீரான் அடுக்களையில் இல்லை. முன் அறையில், அவளுடைய சுற்றுகிற நாற்காலியில், ஏ.சி. கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"என் சமையல் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்," என்றான். "இல்ல, நான் கொண்டுவந்தது பத்தலையா? எம் பொண்டாட்டி அடுத்த வீட்டுல உக்காந்து வெங்காயம் உரிக்கறா. நான் இங்க ஏ.சி. மாட்டி, போர்டு மாட்டி, ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரியறேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க."

"வேற என்ன?"

இனி மறைக்க வழியில்லை. அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலியில் ஒன்றும் வராததை, மயிலை, ஜஹானாரா குரலை இறக்கிக் கேட்டதை, குல்லாவை, செங்கல்லை, சும்மா இருக்கும்போது முடிச்சுப் போடும் மூளையை. வெங்காயம் என்ற இடத்தில் கதையை நிறுத்திவிட்டாள். மீரான் கேட்டுக்கொண்டே இருந்தான். முதலில் அவன் முகம் தெளிந்தது, சிரிக்கக்கூடச் செய்தான். "இதுக்கா இந்தப் பாடு? வெங்காயம்தானே, மூட்டையே வாங்கிப் போடறேன்," என்று எழுந்தவன், அப்படியே நின்றான். ஆயிரம் பேர் சாப்பிடும் குழம்பில் எது குறைகிறது என்று மணத்திலேயே கண்டுபிடிக்கிறவன் அவன்.

"அப்படின்னா என்கிட்டயே கேட்டிருப்பியே," என்றான் மெதுவாக. "ஒளிஞ்சு போவானேன்?"

அவள் தூக்குவாளியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

"ஜீனத். வெங்காயமா, நானா?"

இல்லை, நீங்கள் இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. ஒரு நொடி போதும். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு பொய்யைச் சேர்க்க மனம் வரவில்லை. "தெரியலைங்க," என்றாள். சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள்.

மீரான் சுற்றுகிற நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டான். பிறகு உள்ளே போனான். திரும்பி வந்தபோது தோளில் வெங்காயக் கூடை, கையில் இரண்டு முறம்.

"சரி, வா. தெரிஞ்சுக்குவோம்," என்றான்.

அடுக்களை வாசலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். வெந்நீர் வேண்டாம், கசக்க வேண்டாம், அவள் உரிப்பது போலவே ஒவ்வொன்றாக உரிப்பது என்று பேச்சு. மீரான் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது தமாம் மெஸ் முழுக்கத் தெரியும். ஒரு வெங்காயம் உரிப்பான், அவள் முகத்தைப் பார்ப்பான். இன்னொன்று உரிப்பான், பார்ப்பான்.

"வந்துச்சா?"

"இல்லைங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"நீங்க என்னையே பாத்துக்கிட்டிருந்தா எப்படிங்க வரும்?"

அவன் சட்டென்று முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான். தேர்வு எழுதி முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவன் போல இருந்தான். இன்று வரவில்லை என்றால் இந்த மனிதன் சத்தம் போடமாட்டான், சண்டை போடமாட்டான். ஏதாவது ஒரு கேட்டரிங்கில் வேலை என்று சொல்லிக்கொண்டு பகலெல்லாம் வெளியே போய்விடுவான். அவளுக்காகத்தான் போவான். அதை நினைக்கவே பயமாக இருந்தது. அவள் வேகவேகமாக உரித்தாள். வரவில்லை.

வெயில் மதில் மேல் ஏறியது. பாலக்கரை ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் போனது. கூடை பாதிக்கு வந்தபோது ஜீனத் நிமிர்ந்தாள். மீரான் பார்ப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. கை உரித்துக்கொண்டிருந்தது, கண் எதிர்ச்சுவரில் இருந்தது. உரித்த வெங்காயத்தை முறத்தில் போடாமல், தரையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். அவன் வீட்டிலேயே இல்லை. அந்த முகத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. இன்ஷா சின்ன வயதில் வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். சம்ரீன் நாளைக்கும் ஸ்கூலுக்குப் போவாள், பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், கல்யாணமானால் கொள்ளிடத்தையும் தாண்டி லால்குடிக்குப் போய்விடுவாள், ஜஹானாரா ஒண்டியாகக் கடையில் உட்கார்ந்திருப்பாள், பாவம்...

கட்டைவிரல் நின்றது.

அவன் பக்கத்திலிருந்து புறப்பட்ட வெங்காய வரிசை அவள் முறத்தைத் தொட இன்னும் இரண்டு விரல் தூரம்தான் இருந்தது.

"பாலம்!" என்றாள். அவள் போட்ட சத்தத்தில் மீரான் கத்தியைக் கீழே போட்டுவிட்டான். அவள் வெங்காயக் கையாலேயே போனை எடுத்து ஜஹானாராவை அழைத்தாள். "ஜஹானாரா, மயிலை விடு. நான் சொல்றதைக் கேளு. ஒவ்வொரு தட்டுலயும் ஒரு தூண், மேல பாதையில ஒரு துண்டு. முந்திரி, பேரீச்சம்பழம், சேலை, எல்லாம் அதுக்குள்ளதான். தனியாப் பாத்தா ஒண்ணும் புரியாது. நம்ம பொம்பளைங்க வரிசையாக் கொண்டுவந்து, உன் பக்கத்துலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கம் வரைக்கும் ஒட்டி ஒட்டி வெச்சுக்கிட்டே போகணும். கடைசித் தட்டு வெச்சதும் காவேரிப் பாலம். மேல சம்ரீன் போற டவுன் பஸ். போறதுக்கு மட்டும் இல்ல, திரும்பி வர்றதுக்கும் ஒண்ணு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அக்கா," என்றாள் ஜஹானாரா, "திரும்பி வர்ற பஸ்ஸைக் கொஞ்சம் பெருசாப் பண்ணுங்க."

போனை வைத்தபோது மீரான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவேண்டியதைக் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவள்தான் கேட்டாள்.

"எங்க போயிருந்தீங்க?"

"தமாம்ல இருந்தேன்," என்றான் கூச்சத்தோடு. "அங்க வெங்காயம் உரிக்கறப்பல்லாம் இந்த வீட்டுலதான் இருப்பேன். நீ என்ன செய்யறே, புள்ள ஸ்கூல்லேருந்து வந்துட்டாளான்னு. இன்னிக்கு இங்க உக்காந்துக்கிட்டு அங்க போயிட்டேன்." கீழே விழுந்த கத்தியை எடுத்து, வேட்டியில் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான். "இப்ப நான் எந்திரிச்சுப் போகணுமா, இருக்கலாமா?"

ஜீனத் கூடையை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"உக்காருங்க. இன்னும் பாதிக் கூடை கிடக்கு."